பழைய பிரிட்டிஷ் கடற்படைக் காமெடிகளை எப்படிப் பார்ப்பது

பத்து நிமிடம் ஓடியும் சிரிப்பு வரவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்து வந்த இந்தப் படங்களில் யாரும் சிரிக்க வைக்க முண்டியடிப்பதில்லை, நாம்தான் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும்.

முதலில் ஒரு கனமான படத்தைப் பாருங்கள்: 1953-இல் வந்த 'தி க்ரூயல் சீ'. அட்லாண்டிக்கில் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு நடுவே சரக்குக் கப்பல்களைக் காத்துச் செல்பவர்களின் கதை. அதை எடுத்த சார்லஸ் ஃப்ரெண்டே நான்கு வருடம் கழித்து 'பார்னக்கிள் பில்' எடுத்தார். அதில் அலெக் கின்னஸ், தலைமுறை தலைமுறையாகக் கடலோடிகள் பிறந்த வீட்டுக் கேப்டன், ஆனால் கப்பலில் ஏறினாலே குமட்டிக்கொண்டு வரும். ஓய்வு பெற்றதும் கடலுக்குள் நீளும் ஒரு பாழடைந்த பொழுதுபோக்குப் பாலத்தை வாங்கி, அதையே கப்பலாகப் பதிவு செய்து நடத்துகிறார்! கின்னஸ் நிஜத்திலும் கடற்படை அதிகாரி, 1943-இல் சிசிலியில் துருப்புகளை இறக்கிய படகு ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. அது தெரிந்தபின் பார்த்தால், பாலத்தின் மேல் அவர் விறைப்பாக நிற்கும் நிலையே வேறு மாதிரி தெரியும், எனக்குச் சிரிப்போடு தொண்டையும் அடைத்தது.

அடுத்து 1958-இன் 'அப் த க்ரீக்'. ஒதுக்கிவைத்த கப்பலொன்றில் மாலுமிகள் ஊராருக்குத் துணி வெளுத்துக் கொடுத்து, கடற்படைச் சாமான்களை விற்றுக் காசு பார்க்கிறார்கள். அங்கே ராக்கெட் பைத்தியம் பிடித்த ஒரு லெப்டினன்ட் வந்து சேர்கிறார். எல்லாரும் இதில் நடித்த நகைச்சுவை நடிகர் பீட்டர் செல்லர்ஸைப் பார்ப்பார்கள், நீங்கள் லெப்டினன்டாக வரும் டேவிட் டாம்லின்சனின் முகத்தைப் பாருங்கள். நம்பலாமா வேண்டாமா என்று அது தடுமாறும் அந்த இரண்டு நொடிதான் படம்.

சப்டைட்டிலைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் காதையும் கொடுங்கள். 'சார்' என்ற ஒரே சொல்லைப் பணிவாகவும், சலிப்பாகவும், 'உன்னைப் பற்றித் தெரியும்' என்கிற மாதிரியும் சொல்வார்கள். சட்டைக் கையில் நான்கு பட்டை என்றால் கேப்டன், இரண்டு என்றால் லெப்டினன்ட். கட்டாய ராணுவ சேவைக்கு ஆள் எடுப்பது 1960 வரை நடந்ததால், அன்று அரங்கில் இருந்த பலருக்கு இதையெல்லாம் விளக்கத் தேவையே இல்லை.

அப்புறம் வானொலிக்குப் போங்கள். பிபிசியின் 'த நேவி லார்க்' 1959-இலிருந்து 1977 வரை ஓடியது. அதில் தில்லுமுல்லு செய்யும் மாலுமியாகப் பேசுகிற ஜான் பெர்ட்வீ, 'ஹூட்' போர்க்கப்பல் 1941 மே மாதம் மூழ்குவதற்குச் சற்று முன்புதான் அதிலிருந்து மாற்றலாகி வந்தவர். அதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் குரலைக் கேளுங்கள்.