செங்குத்துக் கோடுகளும் சாய்வும்: விடை தவறிப்போகும் இடங்கள்

முதல் தடுமாற்றம் கணக்கில் இல்லை, சொல்லில் இருக்கிறது. ‘செங்குத்து’ என்றதும் கம்பம் போல நிமிர்ந்து நிற்கும் ஒரு கோடு மனத்தில் வந்துவிடுகிறது. அது நிலைக்குத்துக் கோடு. இங்கே நாம் பேசுவது இரண்டு கோடுகளுக்கு இடையே உள்ள உறவு. இரண்டுமே சாய்ந்திருக்கலாம், இடையில் 90° இருந்தால் போதும்.

ஒரு கோடு மேலேறும் அளவை வலப்பக்கம் நகரும் அளவால் வகுத்தால் வருவது சாய்வு. அப்படிப்பட்ட கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் −1 வரும். ஒரு சாய்விலிருந்து மற்றதைக் காண, தலைகீழாக்கவும் வேண்டும், குறியை மாற்றவும் வேண்டும். அவசரத்தில் ஒன்று விட்டுப்போகும். சாய்வு 2/3 என்றால் சிலர் −2/3 என்பார்கள், சிலர் 3/2 என்பார்கள். சரியான விடை −3/2.

ஏன் இரண்டும் வேண்டும் என்பதைக் கட்டத்தாளில் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. 3 கட்டம் வலப்பக்கம், 2 கட்டம் மேலே செல்லும் கோட்டை வரையுங்கள். தாளை இடஞ்சுழியாக 90° திருப்புங்கள். வலப்பக்கம் போன 3 இப்போது மேலே போகிறது, மேலே போன 2 இடப்பக்கம் போகிறது. எண்கள் இடம் மாறியதால்தான் தலைகீழ், வலம் இடமானதால்தான் கழித்தல் குறி.

சாய்வு ஏற்கெனவே குறை எண்ணாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். −4க்குச் செங்குத்து 1/4; பழக்கத்தில் −1/4 என்று எழுதிவிடுகிறோம். 0.4 போன்ற தசமத்தை முதலில் 2/5 ஆக்கிக்கொள்ளுங்கள், −5/2 தானாக வரும்.

சாய்வையே தவறாகக் கண்டால் பின்னால் வரும் எதுவும் நிற்காது. (2, 7), (5, 1) புள்ளிகளுக்கு மேலே 1 − 7 என்று தொடங்கினால் கீழே 5 − 2தான். வரிசை மாறினால் −2 என்பது 2 ஆகிவிடும். சமன்பாடு கொடுத்திருந்தால், ஒய்யைத் தனியே நிறுத்திய பிறகுதான் எக்ஸின் கெழு (எக்ஸைப் பெருக்கும் எண்) சாய்வாகும். 3, 4 என்ற கெழுக்களோடு எக்ஸும் ஒய்யும் ஒரே பக்கத்தில் நின்றால் சாய்வு 3 அல்ல, −3/4.

(1, 2), (1, 6), (4, 2) செங்கோண முக்கோணமா? பெருக்கிப் பார்ப்பவர் ‘இல்லை’ என்று சொல்லிவிடும் ஆபத்து இங்கே உண்டு. ஒரு பக்கத்தின் சாய்வு 0, இன்னொன்றுக்குச் சாய்வே வரையறுக்கப்படவில்லை. −1 விதி இந்த இணைக்குப் பொருந்தாது. ஆனால் கிடைக்கோடும் நிலைக்குத்துக் கோடும் செங்கோணத்தில்தானே சந்திக்கும்! (1, 2) என்ற முனையில் செங்கோணம் இருக்கிறது.

ஒரு கோட்டுத்துண்டின் நடுப்புள்ளி வழியாக அதற்குச் செங்குத்தாகச் செல்வது மையக்குத்துக்கோடு. அதில் சாய்வைச் சரியாகக் கண்டுவிட்டு, முனைப்புள்ளியைப் பிரதியிட்டுவிடுகிறார்கள். (2, 1), (6, 9) என்றால் சாய்வு 2, செங்குத்துச் சாய்வு −1/2, கோடு செல்வது நடுப்புள்ளி (4, 5) வழியாக.

வரைபடத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரு அச்சுகளுக்கும் அளவுத்திட்டம் வேறாக இருந்தால், பெருக்கினால் −1 தரும் சாய்ந்த கோடுகள்கூடத் தாளில் செங்கோணமாகத் தெரியாது.