புது ஊரில் ஆசிரியராக முதல் ஆண்டு: எதை எப்போது செய்வது

படித்து முடித்த கையோடு நாட்டின் மறுகோடியில் வேலை கிடைத்துப் பெட்டி கட்டும் ஆசிரியருக்கு வகுப்பறை மட்டும் புதிதாக இருப்பதில்லை. போகும் வழி, பேச்சு வழக்கு, வீடு, தூங்கும் நேரம், சம்பளம் வரும் தேதி என எல்லாமே ஒரே மாதத்தில் மாறுகின்றன. முதல் ஆண்டில் தடுமாறும் பலருக்குப் பாடம் நன்றாகவே தெரியும். ஒரே நாளில் யோசித்து முடிவெடுக்க வேண்டியவை அளவுக்கு மீறிப் போவதால்தான் தடுமாறுகிறார்கள். புதியவற்றை ஒவ்வொன்றாகப் பழக்கமாக்கிவிட்டு அடுத்ததற்குப் போவதே வழி. கீழே உள்ள குறிப்புகள் எல்லாம் அதற்காகத்தான்.

கிளம்பும் முன்

முதலில் சான்றிதழ்கள். ஒரு பகுதியில் செல்லும் ஆசிரியர் தகுதிச் சான்று இன்னொரு பகுதியில் அப்படியே செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். பல நாடுகளில் மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பதிவு வேண்டும். குழந்தைகளோடு வேலை செய்பவர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பும் வேண்டும். இவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், வேலை உறுதியான அன்றே விண்ணப்பித்துவிடுங்கள். அசல் சான்றிதழ்கள் சாமான் வண்டியில் போகக்கூடாது, கைப்பையில் இருக்கட்டும். ஸ்கேன் செய்த பிரதி போனில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று.

அடுத்தது பணம். சேர்ந்த முதல் மாதச் சம்பளம், வங்கி விவரமும் பணியாளர் எண்ணும் பதிவாவதற்குள் தள்ளிப்போவது சாதாரணம். வீட்டு முன்பணம் போக, இரண்டு மாதச் செலவுக்குக் கையில் இருந்தால் மனம் நிதானமாக இருக்கும்.

வீட்டை ஊரைப் பார்க்காமல் ஆண்டுக் கணக்கில் எடுக்காதீர்கள். ஒரு மாதமோ இரண்டு மாதமோ தற்காலிகமாகத் தங்கி, பள்ளி நாளில், பள்ளி நேரத்துக்கே ஒருமுறை போய்வந்து பாருங்கள். விடுமுறை நாளில் 20 நிமிடத்தில் போன வழி, வேலை நாள் காலையில் 50 நிமிடம் பிடிக்கும். வாசலிலிருந்து வாசலுக்கு 40 நிமிடத்துக்கு மேல் போனால், முதல் ஆண்டில் அந்த நேரம் தூக்கத்திலிருந்துதான் கழியும்.

பள்ளி திறப்பதற்கு குறைந்தது இரண்டு வாரம் முன்பே போய்ச் சேருங்கள். கற்பித்தல் பொருட்களைப் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோக வேண்டாம். பலகைப் பேனாக்கள், ஸ்டேப்ளர், முள் நகரும் கைக்கடிகாரம், தண்ணீர் பாட்டில், நாள் முழுக்க நின்றாலும் கடிக்காத செருப்போ ஷூவோ போதும். மற்றதை வகுப்பறையைப் பார்த்த பிறகு வாங்கலாம். அலமாரியே இல்லாத அறைக்கு ஐம்பது புத்தகம் சுமந்து போனவர்கள் உண்டு.

முதல் மணி அடிக்கும் முன் கேட்க வேண்டியவை

பள்ளிக்கு ஒருமுறை முன்கூட்டியே போய் இவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: மணி அடிக்கும் நேரங்கள்; வருகைப்பதிவு எங்கே, எத்தனை மணிக்குள்; வகுப்பில் ஒரு பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது; தீ விபத்தில் எந்த வாசல், எங்கே கூடுவது; எந்தப் பிள்ளைக்கு வலிப்பு, ஆஸ்துமா, ஒவ்வாமை; நகல் எடுக்க அளவு உண்டா, இயந்திரம் எப்போது காலியாக இருக்கும்; போன ஆண்டு ஆசிரியர் எந்தப் பாடம் வரை முடித்தார்; மதிப்பெண்ணை எந்தத் தேதிக்குள் ஒப்படைப்பது.

பாடம் எங்கே நின்றது என்பதைப் பாடத்திட்டத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முந்தைய வகுப்பு மாணவர் ஒருவரின் நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடைசியாக எழுதியிருக்கும் பக்கம் உண்மையைச் சொல்லும்.

அலுவலக எழுத்தரையும் கட்டடப் பராமரிப்பாளரையும் முதல் நாளே பெயர் சொல்லி வணங்கி அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள். சாவி, மேசை, மின்விளக்கு, விடுப்புப் படிவம் என்று முதல் பருவத்தில் வரும் சிக்கல்களில் பாதி இவர்களிடம்தான் தீரும்.

முதல் இரண்டு வாரம்: பாடத்தைவிட நடைமுறை

இங்கே நிதானமாக நில்லுங்கள். ஆண்டு எப்படிப் போகும் என்பது பெரும்பாலும் இந்த இரண்டு வாரத்தில் தீர்மானமாகிறது.

ஐந்து நடைமுறைகள் போதும்: உள்ளே வந்து உட்காருவது, நீங்கள் சைகை காட்டினால் அமைதியாவது, தாள் வாங்குவதும் கொடுப்பதும், கழிப்பறைக்கு அனுமதி கேட்பது, வகுப்பு முடிந்து கலைவது. ஒவ்வொன்றையும் ஒரு பாடம்போலவே கற்பிக்க வேண்டும். சொல்லுங்கள், செய்து காட்டுங்கள், எல்லோரையும் செய்ய வையுங்கள், தவறினால் கோபப்படாமல் மறுபடி செய்ய வையுங்கள். “ஒழுங்காக வாருங்கள்” என்றால் முப்பது பிள்ளைகளுக்கு முப்பது அர்த்தம். “உள்ளே வந்ததும் பை மேசைக்கு அடியில், நோட்டு மேசை மேல், பலகையில் உள்ள கேள்விக்கு விடை எழுதத் தொடங்கு” என்றால் ஒரே அர்த்தம்தான்.

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று தோன்றும். தாள் விநியோகத்தில் ஒரு வகுப்புக்கு 3 நிமிடம் மிச்சமானால், வாரம் 5 பாடவேளை, ஆண்டுக்கு 36 வாரம் என்று வைத்தால் 540 நிமிடம், அதாவது 9 மணி நேரம் கையில் நிற்கும். அதைப் பழக்குவதற்கு ஆவது மொத்தமாக அரைமணி நேரம்தான்.

அமைதிக்கான சைகையில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். சத்தத்துக்கு மேல் குரல் உயர்த்திப் பேசத் தொடங்கினால், நீங்கள் பேசும்போது தாங்களும் பேசலாம் என்று வகுப்பு கற்றுக்கொள்கிறது. எப்போதும் ஒரே இடத்தில் நின்று, கையை உயர்த்தி, முழு அமைதி வரும்வரை வாய் திறக்காதீர்கள். முதல் நாள் அது ஒரு நிமிடம் ஆகலாம். அந்த ஒரு நிமிடத்தைப் பொறுத்துக்கொண்டால் நாள்தோறும் குறைந்துகொண்டே வரும். மூன்றாம் வாரத்தில் “இனிப் பழகிவிட்டது” என்று விட்டுவிட்டால் நான்காம் வாரமே எல்லாம் கலையும். நீண்ட விடுமுறை முடிந்து வரும்போதும் முதலிலிருந்து ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

ஜேக்கப் கூனின் என்ற உளவியலாளர் 1970இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. அமைதியான வகுப்புக்கும் குழப்பமான வகுப்புக்கும் இடையே, தவறு நடந்த பிறகு ஆசிரியர்கள் கண்டிக்கும் விதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. தவறு முளைக்கும் முன்பே கவனிப்பதில்தான் வேறுபாடு இருந்தது. அதனால் பலகைக்கு முதுகு காட்டி நீளமாக எழுதாதீர்கள். பக்கவாட்டில் நின்று எழுதுங்கள், இரண்டு வரிக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள், பிள்ளைகள் எழுதும்போது கடைசி வரிசை வரை நடங்கள்.

பெயர்களும் பேச்சும்

இருக்கை வரைபடம் போட்டு, நாளுக்கு 8 பெயர் வீதம் மனப்பாடம் செய்தால் 32 பேர் உள்ள வகுப்பு நான்கு நாளில் முடியும். வேறு பகுதிக்குப் போகும்போது பெயர்களே பழக்கமில்லாமல் இருக்கும். காதில் கேட்டபடி உங்கள் எழுத்தில் எழுதிக்கொண்டு, “நான் சொல்வது சரியா?” என்று அந்தப் பிள்ளையிடமே தனியாகக் கேளுங்கள். உங்கள் வசதிக்காகப் பெயரைச் சுருக்காதீர்கள். தன் பெயரைத் தப்பாகவே கூப்பிடும் ஆசிரியரிடம் ஒரு பிள்ளை மனம்விட்டுக் கேள்வி கேட்காது.

உங்கள் உச்சரிப்பும் அவர்களுக்குப் புதிது. தலையாட்டுவதைப் புரிந்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ள முடியாது. முக்கியச் சொற்களைப் பலகையில் எழுதிவிட்டுச் சொல்லுங்கள். ஒரு வேலை கொடுத்ததும் “இப்போது என்ன செய்யப் போகிறோம்?” என்று ஒருவரைத் திருப்பிச் சொல்ல வையுங்கள். நோட்டு, இடைவேளை, வீட்டுப்பாடம், ரப்பர் போன்ற இருபது அன்றாடப் பொருட்களுக்கு அந்த ஊரில் என்ன சொல் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் சாதாரணமாகப் புழங்கும் எந்தச் சொல் அங்கே அவமரியாதை என்பதையும் சக ஆசிரியர் ஒருவரிடம் கேட்பது நல்லது. அவர்கள் பேச்சு நடையை மட்டும் போலி செய்ய வேண்டாம், அது கேலியாகவே காதில் விழும்.

பாடக்குறிப்பு

கடைசியிலிருந்து எழுதத் தொடங்குங்கள். வகுப்பு முடியும்போது எந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் விடை எழுத வேண்டும்? அதை முதலில் எழுதுங்கள். 45 நிமிடத்துக்கு ஒரு சட்டகம்: முந்தைய பாடத்திலிருந்து நினைவுக் கேள்விகள் 5, விளக்கம் 12, பயிற்சி 15, சரிபார்ப்பு 8, கடைசிக் கேள்வியும் கலைவதும் 5. ஆரம்ப ஐந்து நிமிடத்தை வெட்டிவிடாதீர்கள். கற்றது முதல் சில மணி, சில நாட்களுக்குள் எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885லேயே தன்மேலேயே சோதித்துக் காட்டியிருக்கிறார். நேரம் போதாமல் போனால் வெட்ட வேண்டியது விளக்கத்தைத்தான், பெரும்பாலும் மீறி நீள்வதும் அதுவே.

கேள்வி கேட்டதும் காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடி ஆக்கினால் விடைகள் நீளமாகவும் சிந்தித்தவையாகவும் வருகின்றன என்றும் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் கண்டறிந்தார். மனத்துக்குள் மெதுவாக மூன்று வரை எண்ணுங்கள்.

எல்லாப் பாடத்தையும் நீங்களே உருவாக்க முயன்றால் இரவு ஒரு மணி ஆகும். சக ஆசிரியரின் குறிப்பைக் கேட்டு வாங்கி உங்கள் வகுப்புக்கேற்பத் திருத்துங்கள். வாரத்துக்கு ஒரே ஒரு பாடத்தை மட்டும் முழுக்க உங்கள் கைப்படச் செய்யுங்கள். ஆண்டு முடிவில் முப்பதுக்கும் மேல் சொந்தப் பாடங்கள் சேர்ந்திருக்கும்.

நோட்டுத் திருத்தம்

கணக்குப் போட்டுவிட்டு வேலை கொடுங்கள். மூன்று வகுப்பு, வகுப்புக்கு 35 பேர், ஒரு நோட்டுக்கு 4 நிமிடம் என்றால் 420 நிமிடம், ஏழு மணி நேரம். வாராவாரம் யாராலும் முடியாது. வாரத்துக்கு ஒரு வகுப்பை மட்டும் விரிவாகத் திருத்துங்கள். மற்ற இரண்டிலும் வேகமாகப் புரட்டி, திரும்பத் திரும்ப வரும் மூன்று பிழைகளை ஒரு தாளில் குறித்துக்கொண்டு அடுத்த வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்லித் திருத்த வையுங்கள்.

ரூத் பட்லர் என்ற கல்வி உளவியலாளர் 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்புரை மட்டும் பெற்ற மாணவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணும் குறிப்புரையும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. எண் கண்ணில் பட்டதும் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை. அன்றாட நோட்டில் ஒரு வரி போதும், ஆனால் அந்த வரி ஒரு வேலையாக இருக்கட்டும்: “இரண்டாம் படியில் குறியை மாற்றி மறுபடி போடு.”

தொண்டை

முதல் மாதத்தில் குரல் கட்டுவது சகஜம். வகுப்பின்போது அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர் குடியுங்கள். செருமிச் செருமித் தொண்டையைச் சரிசெய்வது குரல்நாண்களை மேலும் புண்ணாக்கும். கட்டிய குரலில் கிசுகிசுப்பதும் ஓய்வு ஆகாது. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

பெற்றோர்

முதல் மூன்று வாரத்துக்குள், சிக்கல் எதுவும் வரும் முன்பே, அழைக்கத் தொடங்குங்கள். நாளுக்கு மூன்று வீடு, இரண்டிரண்டு நிமிடம். “உங்கள் மகள் இன்று வகுப்பில் நல்ல கேள்வி ஒன்று கேட்டாள், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்” என்பது போதும். பிறகு ஒரு குறையைச் சொல்ல வேண்டி வரும்போது, உங்கள் குரல் அவர்களுக்கு அந்நியமாக இருக்காது. தேதி, பேசியவர், பேசியது மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பள்ளி அனுமதித்த எண்ணிலிருந்து மட்டும் அழையுங்கள்.

ஆறாவது வாரம்

முதல் ஆண்டு ஆசிரியர்களின் மனநிலை எதிர்பார்ப்பு, சமாளிப்பு, சோர்வு, மீட்சி, திரும்பிப் பார்த்தல் என்று மாறிப்போவதை புதிய ஆசிரியர்களுக்கு வழிகாட்டி வந்த எல்லன் மோயர் 1990இல் விவரித்தார். சோர்வு ஏறத்தாழ ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கும். ஊர்விட்டு வந்தவருக்கு வீட்டு ஏக்கமும் அதே சமயம் கூடும். இரண்டையும் கலந்து “எனக்கு இந்த வேலை ஒத்துவராது” என்ற முடிவுக்கு வந்துவிடுவதுதான் ஆபத்து. முதல் நீண்ட விடுமுறை முடிந்து இரண்டு வாரம் ஆகும் வரை ராஜினாமா பற்றிய முடிவை ஒத்திப்போடுங்கள். தூக்கமோ சாப்பாடோ பல நாளாகக் கெட்டிருந்தால் மட்டும் ஒத்திப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

இந்தக் காலத்தைத் தாண்டச் சிறிய ஏற்பாடுகள் உதவும். வாரத்தில் ஒரு மாலை பள்ளி வேலையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கு வெளியே ஒரு நட்பு வேண்டும், விளையாட்டோ நூலகமோ பாட்டு வகுப்போ எதுவானாலும். வீட்டோடு பேச நிலையான நாளும் நேரமும் வையுங்கள்; தினமும் இரவு நெடுநேரம் பேசினால் மனம் புது ஊரில் கால் ஊன்றாது. விடுமுறைக்கு ஊர் போகும் டிக்கெட்டை முன்பே எடுங்கள், ஆனால் பள்ளி திறக்க இரண்டு நாள் முன் திரும்பும்படி.

மூத்த ஆசிரியரிடம் உதவி கேட்கும்போது “எப்படிச் சமாளிப்பது?” என்று கேட்டால் பொதுவான ஆறுதல்தான் கிடைக்கும். “மதியத்துக்குப் பிந்தைய வகுப்பில் தொடங்கவே பத்து நிமிடம் ஆகிறது, நீங்கள் எப்படித் தொடங்குகிறீர்கள் என்று முதல் கால்மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.

ஆண்டு முடியும் முன்

ஒவ்வொரு பாடம் முடிந்ததும் அதன் குறிப்பிலேயே மூன்று வரி எழுதி வையுங்கள்: எங்கே நேரம் மீறியது, எந்த எடுத்துக்காட்டு புரியவில்லை, எந்தக் கேள்வியைச் சேர்க்க வேண்டும். அன்றே எழுதாவிட்டால் அடுத்த ஆண்டு ஞாபகம் வராது. பிறகு, அடுத்த ஆண்டுக்கான வகுப்புகளைப் பிரிக்கும் முன்பே தலைமையாசிரியரிடம் அதே வகுப்பையும் அதே பாடத்தையும் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள், காரணத்தையும் சேர்த்து: தயாராக உள்ள பாடக்குறிப்புகள் இத்தனை, அவற்றில் திருத்தப்போவது இவை.