தரங்கம்பாடிக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மயிலாடுதுறை மாவட்டத்தின் கடலோரத்தில் உள்ள தரங்கம்பாடிக்கு வரும் வேன்களில் பெரும்பாலானவை திருநள்ளாற்றுக்கோ, வேளாங்கண்ணிக்கோ, பூம்புகாருக்கோ செல்லும் வழியில் ஒரு மணி நேரம் மட்டும் நிற்கின்றன. வந்தவர்கள் டேனிஷ் கோட்டையின் முன் படம் எடுத்துக்கொண்டு, கடலில் கால் நனைத்துவிட்டுப் புறப்பட்டு விடுகின்றனர். இவ்வூர்ப் பயணத்தில் நேரும் தவறுகளில் பெரிது இதுவே. கோட்டை இவ்வூரின் ஒரு பகுதிதான். மதில் சூழ்ந்திருந்த அந்தப் பழைய நகரம் முழுவதுமே நடந்து பார்க்க வேண்டியது.

தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் 1620ஆம் ஆண்டு செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் டேனிஷ்காரர்கள் இங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். 1845ஆம் ஆண்டு ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டு வெளியேறினர். இடைப்பட்ட இரண்டு நூற்றாண்டுகளின் தடயங்கள் கோட்டைக்குள் இருப்பதைவிட வெளியே உள்ள தெருக்களில்தான் மிகுதி. 1792ஆம் ஆண்டைத் தாங்கி நிற்கும் நகர வாயிலில் தொடங்கி, கிங் தெரு வழியாகக் கடலை நோக்கி நடந்தால், 1701இல் எழுந்த சீயோன் ஆலயமும், 1718இல் திறக்கப்பட்ட புதிய எருசலேம் ஆலயமும், ஆளுநர் மாளிகையும் அடுத்தடுத்து வருகின்றன. காரில் இருந்தபடியே இந்தத் தெருவைக் கடந்து நேரே கோட்டை வாசலில் இறங்குபவர்கள், பார்க்க வந்ததில் பாதியைப் பார்க்காமலே திரும்புகிறார்கள்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் பலர் தவறுகின்றனர். நண்பகலில் வந்தால் கோட்டைக்கு முன்னுள்ள வெட்டவெளியில் நிற்பதே கடினம். கோட்டைக்கு அருகிலுள்ள மாசிலாமணிநாதர் கோயிலும் நடை சாத்தியிருக்கும். இது கிழக்குக் கடற்கரை என்பதால் சூரியன் கடலில் உதிக்குமே தவிர, கடலில் மறையாது. ஆகவே மாலைச் சூரியனுக்காகக் காத்திருப்பதைவிட, முந்திய இரவே தங்கி விடியற்காலையில் கரைக்குச் செல்வதே சரி. கோட்டையில் உள்ள அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை விடுவது வழக்கம் என்பதால், அந்த நாளில் செல்வோர் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. ஞாயிறு காலையில் ஆலயங்களில் வழிபாடு நடக்கும். அவ்வேளையில் கேமராவுடன் உள்ளே நுழைவது முறையாகாது.

வரலாற்றைச் சொல்லும்போது மூன்று பிழைகள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. முதலாவது, இங்கு வந்த கிறிஸ்தவ மறைப்பணியாளர் சீகன்பால்கு டேனிஷ்காரர் என்பது. அவர் ஜெர்மானியர், டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக்கால் அனுப்பப்பட்டு 1706ஆம் ஆண்டு ஜூலையில் இங்கு வந்து இறங்கியவர். இரண்டாவது, தமிழில் முதல் நூல் இங்குதான் அச்சானது என்பது. தமிழ் எழுத்தில் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' 1578ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் வெளிவந்துவிட்டது. தரங்கம்பாடியின் உண்மையான பெருமை வேறு: தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்துத் தருவித்து, அவை அளவில் பெரியனவாக இருந்ததால் சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் 1715இல் முடித்த அச்சகம் இவ்வூரில் இயங்கியது. அதற்குத் தேவையான காகிதத்தை அருகிலுள்ள பொறையாற்றுப் பகுதியில் செய்ய முயன்றதன் நினைவாகக் கடுதாசிப்பட்டறை என்ற இடப்பெயர் இன்றும் வழங்குகிறது. மூன்றாவது, ஊரின் கதையே டேனிஷ்காரர்களோடு தொடங்கியது என்ற எண்ணம். பாண்டிய மன்னன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் கோட்டைக்கு மிக அருகிலேயே இருக்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போனதை அறிந்து பார்த்தால், இக்கரையில் கற்களைக் கொட்டியிருப்பதன் காரணமும் விளங்கும்.

இக்கடற்கரையில் ஓசோன் மிகுதி, அதைச் சுவாசித்தால் நோய் தீரும் என்று சொல்லப்படுவதை நம்பி முதியோரை அழைத்து வருபவர்களும் உண்டு. ஓசோன் நம்மைக் காப்பது வானில் பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்போதுதான். தரையை ஒட்டிய காற்றில் மிகுந்தால் அது நுரையீரலை உறுத்தும் மாசு. கடலோரத்தில் நாம் உணரும் வாடையும் ஓசோனுடையதன்று. கடல் நுண்ணுயிர்கள் வெளிவிடும் கந்தகச் சேர்மங்களே அதற்குப் பெரிதும் காரணம். இங்கு வீசும் காற்று இதமானது என்பதே வருவதற்குப் போதுமான காரணம். ஆஸ்துமா உள்ளவர்கள் ஓசோன் பேச்சை நம்பி மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

கோட்டையின் முன் கடல் அமைதியாகத் தெரிந்தாலும், அரிப்பைத் தடுக்கப் போட்ட பாறைகள் பாசி படிந்து வழுக்கும். அவற்றின் இடையே கால் சிக்கினால் அடுத்த அலை எழ விடாது. குளிக்கலாமா என்பதைக் கரையில் இருக்கும் மீனவர்களிடம் கேட்டு, அவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். அவர்களுடைய வலைகளை மிதித்து நடப்பதும், காயும் கருவாட்டின் அருகே மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுப்பதும் அவர்களை அவமதிப்பதாகும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் குப்பத்தில் பல குடும்பங்களைக் குலைத்தது. பொழுதுபோக்காக அதைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பதை நான் ஏற்க மாட்டேன். அவர்களாகப் பேசினால் அமைதியாகக் கேட்கலாம்.

தங்குமிடத்தை வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணுவதும் தவறு. இவ்வூரில் விடுதிகள் குறைவு. சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள திருக்கடையூரில் விடுதிகள் பல இருந்தாலும், அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் ஆண்டு முழுவதும் அங்கு நடப்பதால், நல்ல நாட்களில் அறை கிடைப்பது அரிது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையும் புயல் எச்சரிக்கையும் பயணத்தைக் குலைக்கக்கூடும். தை, மாசி மாதங்களே உகந்தவை. தெற்கே நண்டலாற்றைத் தாண்டினால் புதுச்சேரி ஒன்றியப் பகுதியான காரைக்கால் வந்துவிடும். அங்கு விலை குறைவு என்று மதுப்புட்டிகளை வாங்கித் தமிழ்நாட்டு எல்லைக்குள் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். எல்லைச் சோதனைச்சாவடியில் வண்டியை நிறுத்திச் சோதிப்பார்கள் என்பதை ஓட்டுநரிடமும் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.