வருடச் சாப்பாடு: நண்டைக் கடைசிக்கு வைக்காதீர்கள்

பள்ளிக்கூடக் கூட்டாளிகள் வருடத்தில் ஓர் இரவு கூடுவது, எல்லாவற்றையும் ஒரே தடவையில் மேசையில் பரப்பாமல் சுற்றுச் சுற்றாகப் பரிமாறிச் சாப்பிடுவது, எங்களிடம் பழைய வழக்கம். வெளிநாட்டில் இருப்பவர்களில் சிலர் அந்த ஓர் இரவைப் பார்த்துத்தான் டிக்கெட் போடுவார்கள். இப்போது எங்களுக்கு இளைய கூட்டங்களும் மட்டக்களப்பில் இதைத் தொடங்கியிருக்கிறார்கள். ஆலோசனை கேட்பார்கள், தலையாட்டுவார்கள், அப்புறம் நாங்கள் என்றோ விட்ட பிழைகளையே வரிசையாக விடுவார்கள். உப்புக் கூடியது, கதிரை போதாமல் போனது, கரண்ட் நின்றது எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை ஒருதரம் பட்டவர் மறக்கமாட்டார். பட்ட பிறகும் திருந்தாதவை வேறு.

போயா நாளைப் பிடிப்பது

கலண்டரைத் திறந்ததும் எல்லோர் கண்ணும் போயாவில் போய் நிற்கும். பௌர்ணமி, விடுமுறை நாள். நிலவும் இருக்கும். சாப்பிட்டுவிட்டு, 1924 இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தில் நடந்து, வாவியில் பாடும் மீன் கேட்கிறதா என்று காது கொடுக்கலாம் என்று ஒருவராவது சொல்வார். ஆசை நல்லதுதான். ஆனால் போயா அன்று இறைச்சிக்கடை பூட்டு, மதுக்கடையும் பூட்டு. முதல் நாளே வாங்கலாம் என்றால், அவ்வளவு இறைச்சியை யார் வீட்டு ஃபிரிட்ஜ் தாங்கும்? நண்டு இன்னும் மோசம். நிலவு காலத்து நண்டில் சதை இருக்காது என்று வாவிக்கரையில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோது பெரிதாக இருக்கும், உடைத்தால் உள்ளே தண்ணீர்தான்.

சரி, அமாவாசைப் பக்கம் போவோம் என்றால் அதிலும் ஒரு வில்லங்கம். வெளிநாட்டுக்காரர் லீவில் வந்து நிற்கும் நேரம் பார்த்து ஆடி அமாவாசை வரும், மாமாங்கக் கோயிலில் தீர்த்தம் நடக்கும், கூட்டத்தில் பாதிப்பேர் மச்சம் தொடமாட்டார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் சடங்கும் குளிர்த்தியும். நோன்பு மாதமோ ஒவ்வொரு வருடமும் 10, 11 நாள் முன்னால் நகர்ந்துகொண்டே இருக்கும், போன வருடக் கணக்கு இந்த வருடம் உதவாது. இவ்வளவையும் கழித்துவிட்டு மிஞ்சுகிற சனிக்கிழமைகளில் ஒன்றைப் பிடியுங்கள்.

டிசம்பர் 26

வேண்டாம். இந்தக் கரையில் அதற்குக் காரணம் கேட்பவர் இல்லை.

நண்டைக் கடைசிக்கு வைப்பது

இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எத்தனை பேருக்குச் சொல்லியும் ஏறவில்லை.

கல்லடியில் ஒரு வீடு. இளைய கூட்டம், நல்ல பிள்ளைகள், காசுக்கும் குறைவில்லை. முதல் சுற்றில் ரோல்ஸ், கட்லட், பொரித்த இறால். இரண்டாவதில் இடியப்பமும் கோழிக்கறியும் சொதியும். மூன்றாவதில் நெய்ச்சோறு, ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, அப்பளம், இரண்டு சம்பல். இதற்கெல்லாம் பிறகு, இரவு பத்தரை தாண்டி, குசினிக் கதவைத் திறந்துகொண்டு இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு பெரிய தாச்சியைத் தூக்கி வந்தார்கள். உள்ளே வாவி நண்டு, ஒவ்வொன்றும் உள்ளங்கையை விடப் பெரிது. எல்லோரும் கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். மரியாதைக்கு ஆளுக்கொரு கால் எடுத்து வைத்துக்கொண்டு, மெதுவாகக் கதிரையைப் பின்னால் தள்ளினார்கள். ஒருவர் ஏற்கெனவே கை கழுவி வேனில் ஏறிவிட்டார். மறுநாள் காலை அந்த நண்டில் முக்கால்வாசியை வளவுக்குள் குழி வெட்டித்தான் புதைத்தார்களாம். அன்றைய செலவில் பெரிய துண்டு அந்தக் குழிக்குள் போனது.

ஏன் இப்படி வைத்தீர்கள் என்று கேட்டேன். “நல்லதக் கடைசியிலதானே அண்ணன் வைக்கோணும்?”

வைக்கக்கூடாது தம்பி. நெய்ச்சோற்றை வயிறு நிறைந்தவரும் இரண்டு வாய் தள்ளிவிடலாம். நண்டு அப்படி இல்லை. அது வேலை. கடித்து, உடைத்து, உறிஞ்சி, இடுக்கில் இருக்கும் சதையை விரலால் நோண்டி எடுக்கப் பசி வேண்டும், பொறுமை வேண்டும். இரண்டும் பத்தரை மணிக்கு எவரிடமும் இருக்காது.

சமையல் பக்கத்திலும் நட்டம். கடைசிச் சுற்றுக்கு என்று வைத்த நண்டை யாரும் பத்து மணிக்கு அடுப்பில் ஏற்றுவதில்லை. ஐந்து மணிக்கே காய்ச்சி இறக்கிவிட்டு, பிறகு சூடாக்குவார்கள். சூடாக்கச் சூடாக்கச் சதை சுருங்கிக் கோதோடு ஒட்டிக்கொள்ளும். முதற்பால் திரைந்து எண்ணெய் மேலே மிதக்கும். கடைசியில் தூவிய முருங்கை இலை கறுத்துப்போகும். காலையில் உயிரோடு துள்ளிய நண்டுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை இல்லை.

நண்டைக் காலையில் வாங்குங்கள், காலைக் கட்டியிருக்கும் கயிற்றை அவிழ்க்காதீர்கள். நனைத்த சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். உயிர்ப் பிராணிதானே என்று வாளித் தண்ணீரில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அசையாத தண்ணீரில் அது மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஆக்குவதற்கு முன்னமே செத்துக் கிடக்கும் நண்டை, எவ்வளவு பெரிதானாலும், எறிந்துவிடுங்கள். பெரிய கால்களை அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டிக் கீறல் விழவைத்த பிறகே சட்டியில் போடுங்கள். குழம்பு உள்ளே இறங்கும், மேசையில் பல்லை உடைக்கவும் வேண்டியதில்லை. ஆட்கள் வந்து சேரும் நேரம் கணக்குப் பார்த்து அடுப்பில் ஏற்றுங்கள்.

எங்கள் ஒழுங்கு இதுதான். முதலில் ஒரு சின்னக் குவளை மிளகு ரசம், கொதிக்கக் கொதிக்க. ரோல்ஸும் கட்லட்டும் கிடையவே கிடையாது, அவற்றைத் தேநீர்க்கடையில் எந்த நாளும் சாப்பிடலாம். ரசம் முடிந்ததும் நண்டு, பக்கத்தில் கொஞ்சம் பிட்டு. அதன் பிறகு நல்ல இடைவெளி. இஞ்சி போட்ட பிளேன்டீ வரும், ஆட்கள் எழுந்து நடப்பார்கள், வளவு முழுக்கக் கதை நடக்கும். அப்புறம்தான் சோறு, அதுவும் அளவாக. கடைசியில் தயிர்.

நண்டை முன்னால் வைப்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது, எனக்கு இதுதான் பெரிது. வருடம் முழுக்கக் காணாதவர்கள் வந்து உட்கார்ந்தவுடன் முதல் அரை மணி நேரம் ஒரு சங்கடம் இருக்கும். “எப்ப மச்சான் வந்தாய்?” “பிள்ளைகள் என்ன செய்யுதுகள்?” அதற்கு மேல் பேச்சு ஓடாது, கை தானாகப் போனுக்குப் போகும். நண்டைத் தொட்ட கையால் போனைத் தொட முடியாது. முழங்கை வரை குழம்பு வடிய உட்கார்ந்திருக்கும்போது கனடாவில் மனேஜராக இருப்பவரும் ஊரில் வாத்தியாராக இருப்பவரும் ஒன்றுதான். யாரோ ஒருவர் மற்றவரின் கோப்பையில் இருந்து ஒரு காலைத் தூக்குவார், ஏச்சு விழும், அதோடு பழைய பட்டப்பெயர்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். ரோல்ஸ் கடித்துக்கொண்டு இருந்தால் இது நடக்காது.

கை கழுவ எவரையும் கிணற்றடிக்கு அனுப்பாதீர்கள். போனால் அங்கேயே நின்று தனிக் கதை தொடங்கிவிடும். தேசிக்காய் பிழிந்த சுடுதண்ணீரை மேசைக்குக் கொண்டுவாருங்கள்.

நண்டு சாப்பிடாதவரை மறப்பது

எங்கள் முஸ்லிம் கூட்டாளிகளில் சிலர் நண்டு தொடமாட்டார்கள், இறாலில் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. உடம்புக்கு நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பெரும்பாலும் இறாலும் ஒத்துக்கொள்ளாது, அவர்களுக்குக் கொடுவா மீன் பொரித்து வையுங்கள். சைவக்காரருக்குப் பருப்பு இருக்கிறதே என்று விடாமல், அந்தச் சுற்றில் அவர்களுக்கும் கையால் வேலை செய்து சாப்பிட ஒன்று இருக்க வேண்டும்: முருங்கைக்காய்க் குழம்பு நல்லது. இறைச்சி எல்லாம் ஹலால் கடையில் வாங்கிவிட்டால் அந்தப் பேச்சே எழாது. ஆனால் ஒவ்வொரு சட்டிக்கும் தனி அகப்பை. இறைச்சிச் சட்டியில் போன அகப்பையைக் கத்தரிக்காய்க் கறிக்குள் விடுகிற கை எல்லாக் கூட்டத்திலும் ஒன்று இருக்கும். அந்தக் கையைப் பரிமாற விடாதீர்கள்.

வட்ஸ்அப்பில் கட்டைவிரலை எண்ணுவது

போன் எடுத்துக் கேளுங்கள்.

காசைப் பிறகு சேர்ப்பது

பிறகு என்பது அடுத்த வருடம்.

தயிரில் கவனம் விடுவது

படுவான்கரைப் பக்கத்து எருமைத் தயிர் சட்டியோடு வரும், அதை எவரும் பிழையாகச் செய்யமுடியாது என்று நினைப்பார்கள். முடியும். இரண்டு நாள் முன்னால் வாங்கி வெளியே வைத்தால் புளித்துவிடும். மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்து ஆட்டிக்கொண்டு வந்தால் ஆடை உடைந்து தண்ணீர் விடும். அன்றைக்கே வாங்கி, சட்டியைச் சரிக்காமல் கொண்டுவந்து, கடைசிச் சுற்று வரை நிழலில் வையுங்கள். அகலக் கரண்டியால் மேலிருந்து படலம் படலமாக எடுக்க வேண்டும், நடுவில் குத்திக் கிண்டக்கூடாது. சீனியையோ பாணியையோ சட்டிக்குள் கொட்ட விடாதீர்கள், அவரவர் கிண்ணத்தில் விட்டுக்கொள்ளட்டும். அப்படி இருந்தால்தான் மிஞ்சிய தயிர் மறுநாள் காலை பழஞ்சோற்றுக்கு உதவும். மிஞ்சுவது யாருக்கு என்று சண்டை வந்தால், அன்று சமைத்த வீட்டுக்கு.