.22 ரைபிளில் வெற்றுக்கூடு சிக்கினால்

அமெரிக்காவில் புதிதாக .22 செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் வகை) வாங்குபவர்களுக்கு அடிக்கடி வரும் தொல்லை, சுட்டபின் வெற்றுக்கூடு வெளியே விழாமல் சிக்குவது. என் துப்பாக்கியிலும் அதுதான். கை வைக்கும் முன் மேகஸினை (தோட்டாப் பெட்டி) கழற்றி, போல்ட்டை (தோட்டாவுக்குப் பின்னால் முன்னும் பின்னும் நகரும் பகுதி) இழுத்து, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். இதில் சமரசமே கூடாது.

பெரும்பாலும் கோளாறு தோட்டாவில்தான். ஒலியைவிட மெதுவாகப் பாயும் சப்சானிக் வகைக்கு போல்ட்டை முழுதாகப் பின்னே தள்ளும் வலு போதாது. நொடிக்கு 1,200 அடிக்கு மேல் பாயும் 40 கிரெய்ன் (குண்டின் எடை) ஹை வெலாசிட்டி, அதாவது அதிவேகத் தோட்டாவுக்கு மாறியதும் பாதி சரியாயிற்று. மீதிக்குக் காரணம், வெற்றுக்கூட்டை சேம்பரிலிருந்து இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியடியில் இறுகிக் கிடந்த மெழுகும் கரியும். நைலான் பிரஷ், இரண்டு சொட்டு சால்வென்ட் (கரியைக் கரைக்கும் திரவம்) போதும்; எண்ணெயைக் கொட்டினால் கரி இன்னும் ஒட்டும்.

சுத்தம் செய்யும்போதே இன்னொன்று: ஸ்கோப் ரெயில் (குறிபார்க்கும் தொலைநோக்கியைப் பொருத்தும் தண்டு) திருகுகளில் பிசுக்கைத் துடைத்து, நீலநிற திரெட்லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு விடுங்கள். இல்லாவிட்டால் அதிர்வில் திருகு தளர்ந்து, குறி மெல்ல விலகிக்கொண்டே போகும்.