குடும்பத்தோடு மலைநாட்டு நெடும்பயணத்துக்கு வண்டி தேர்ந்தெடுப்பது எப்படி? தேனி – இடுக்கி எல்லையிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

சமையல் சாமானையும் படுக்கையையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு, நாள்கணக்கில் ஊர் ஊராகச் செல்லும் தரைவழிப் பயணத்தை ஓவர்லேண்டிங் என்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் குடியிருப்பவர்களுக்கு அதற்கு ஏற்ற நிலம் வாசலிலேயே இருக்கிறது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று மூன்று மலைப்பாதைகள் இடுக்கி மாவட்டத்துக்குள் ஏறுகின்றன. ஏறிவிட்டால் சூரியநெல்லி, மூணாறு, வட்டவடை, வாகமண் என்று ஒரு வார விடுமுறையில் சுற்றி முடியாத அளவுக்கு இடங்கள் உள்ளன. இந்த ஆசையில் வண்டி வாங்கப் புறப்படுகிறவர்கள் ஷோரூமில் முதலில் கேட்பது, "ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கர இயக்கம்) இருக்கிறதா?" என்பதைத்தான். பிள்ளைகளும் பெரியவர்களும் கூட வருகிற பயணத்துக்கு அதைக் கடைசியில் கேட்டால் போதும் என்பது என் கருத்து. இந்த மலைகளில் குடும்ப வண்டிகள் திணறுவது பெரும்பாலும் சுமையாலும், இருக்கை வசதிக் குறைவாலும், இறக்கத்தில் சூடேறும் பிரேக்காலும்தான். ஆகவே அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

முதல் படி: ஆட்களையும் சாமானையும் எடை போடுங்கள்

எந்த வண்டி என்று யோசிப்பதற்கு முன்பு ஒரு தாளை எடுத்து, வரப்போகிறவர்களின் எடையை எழுதுங்கள். கணவன் 75 கிலோ, மனைவி 62, பாட்டி 58, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 45 என்றால் 240 கிலோ ஆயிற்று. அடுத்து சாமான்: கூடாரம் 12, பாயும் போர்வையும் 15, அடுப்பு, பாத்திரம், மளிகை 20, இருபது லிட்டர் தண்ணீர் கேன் 20, துணிமணி 30, ஜாக்கி தவிர்த்த மற்ற கருவிகளும் காற்றடிக்கும் பம்பும் கயிறும் 10. இது 107 கிலோ. இரண்டையும் கூட்டினால் 347 கிலோ வருகிறது. கூரையில் கேரியர் பொருத்தினால் அதன் எடையும் இதில் சேரும்.

இனி, நீங்கள் பார்க்கும் வண்டியின் விவரக் குறிப்பில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று கெர்ப் வெயிட், அதாவது எரிபொருளும் ஆயிலும் நிரப்பி, ஆள் ஏறாத நிலையில் வண்டியின் எடை. மற்றது கிராஸ் வெயிட், அதாவது ஆளும் சாமானும் ஏற்றியபின் வண்டி தாண்டக்கூடாத மொத்த எடை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பதே உங்கள் வண்டி சுமக்க அனுமதிக்கப்பட்ட எடை. விற்பனையாளர்கள் இந்தக் கழித்தலைச் செய்து காட்டுவதில்லை, கேட்டாலும் பலருக்குத் தெரிவதில்லை. உரிமையாளர் கையேட்டைக் கேட்டு வாங்கி நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் தாளில் உள்ள கூட்டுத்தொகை அந்த எல்லைக்குள் ஐம்பது கிலோவாவது மிச்சம் வைத்து அடங்கினால் மேற்கொண்டு பேசலாம். அடங்காவிட்டால் அந்த வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

எடை அடங்கினால் போதாது, இடமும் வேண்டும். ஏழு பேர் வண்டி என்ற பெயரில் பலர் ஏமாறுவது இங்கேதான். மாருதி எர்டிகாவில் மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் பின்னால் கிடைப்பது 209 லிட்டர் இடம். மூன்றாம் வரிசையை மடக்கினால் அது 550 லிட்டராகிறது. ரெனோ டிரைபரில் ஏழு இருக்கையும் இருக்கும்போது 84 லிட்டர் மட்டுமே. ஆனால் அதன் மூன்றாம் வரிசையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரலாம், அப்போது 625 லிட்டர் கிடைக்கும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஏழு பேர் வண்டி வாங்கி, பின்வரிசையை நிரந்தரமாகச் சாமானுக்கு விட்டுவிடுவதே என் பரிந்துரை. ஏழு பேரும் ஏறி, கூடாரமும் ஏற்ற வேண்டும் என்றால் எந்த வண்டியிலும் கூரையைத்தான் நம்ப வேண்டிவரும்.

கூரைக்கும் தனி எல்லை உண்டு; ஓடும் வண்டியின் கூரை எத்தனை கிலோ தாங்கும் என்று கையேட்டில் எழுதியிருக்கும். சில வண்டிகளில் கூரையின் இருபுறமும் தெரியும் கம்பிகள் அழகுக்காக ஒட்டப்பட்டவை, அவற்றில் எதையும் கட்டக்கூடாது. மேலும், உச்சியில் ஏற்றிய எடை வளைவில் வண்டியைச் சாய்க்கும். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட போடிமெட்டுப் பாதையில் அந்தச் சாய்வு ஒவ்வொரு வளைவிலும் பின்னிருக்கைக்காரர்களின் வயிற்றில் தெரியும். தண்ணீர், அரிசி, பாத்திரம் போன்ற கனமானவை கீழே, இருக்கையை ஒட்டி இருக்க வேண்டும். கூரைக்குப் போவது பாயும் போர்வையும்தான்.

இரண்டாம் படி: பின்னிருக்கையில் நீங்களே உட்காருங்கள்

வண்டி வாங்குகிறவர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவெடுப்பது வழக்கம். அதை மாற்றிக்கொள்ளுங்கள், இரண்டாம் வரிசையில் ஒரு கால் மணி நேரம், மூன்றாம் வரிசையில் ஒரு கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் நெஞ்சை நோக்கி உயர்ந்து நிற்கிறதா, ஜன்னல் திறக்குமா, ஏ.சி. காற்று வருமா என்று கவனியுங்கள். மூன்றாம் வரிசை பெரும்பாலும் பின்சக்கரத்தின் மேலோ அதற்கும் பின்னாலோ இருப்பதால் ஆட்டம் அங்கே அதிகம். அங்குள்ள கண்ணாடியும் திறக்காது. மலைப்பாதையில் வாந்தி எடுக்கும் பழக்கமுள்ள பிள்ளையை அங்கே உட்கார வைத்தால் தேவிகுளம் போய்ச் சேர்வதற்குள் பயணமே கசந்துவிடும். பொலேரோ நியோ போன்றவற்றில் கடைசி வரிசை பக்கவாட்டில் பார்த்த இருக்கைகள். பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குச் சரி, குழந்தைகளோடு நெடும்பயணத்துக்கு அவற்றை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை.

பாட்டி, தாத்தா வருகிறார்கள் என்றால் ஏறி இறங்கும் உயரம் முக்கியம். உயரமான ஜீப் வகை வண்டியில் ஏறுவதற்குக் கைப்பிடியும் பக்கப்படியும் இல்லாவிட்டால், ஒவ்வொரு தேநீர்க் கடையிலும் அவர்களைத் தூக்கி இறக்கும் வேலை உங்களுக்கு வந்துசேரும்.

குழந்தை இருக்கையை மறக்கவேண்டாம். பதினான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. அபராதத்தை விடுங்கள், மலை வளைவில் மடியில் வைத்த குழந்தையைக் கையால் தாங்க முடியாது. குழந்தை இருக்கையை மாட்டுவதற்கான ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் எந்தெந்த இருக்கையில் இருக்கின்றன என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாம் வரிசையின் இரு ஓரங்களில் மட்டும் இருக்கும். பக்கவாட்டுக் காற்றுப்பை மூன்றாம் வரிசை வரை நீள்கிறதா என்பதையும் கேளுங்கள். பாரத் என்.சி.ஏ.பி. மோதல் சோதனை 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. அதில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியாக நட்சத்திரம் தருகிறார்கள். விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் ஒன்றைத்தான், மற்றதை நீங்கள் தேடிப் படிக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஏற்ற எஞ்சின், கியர், பிரேக்

போடியிலிருந்து போடிமெட்டுக்குச் சுமார் ஆயிரம் மீட்டர் ஏற வேண்டும். ஊருக்குள் இருவர் போகும்போது துள்ளும் சின்னப் பெட்ரோல் எஞ்சின், 350 கிலோ சுமையும் ஏ.சி.யும் சேர்ந்தால் இங்கே முதல் கியரிலேயே முனகும். குதிரைத்திறனைவிட, குறைந்த சுழற்சியில் எவ்வளவு டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை, கிடைக்கிறது என்பதே இங்கே முக்கியம். அதில் டீசலும் டர்போ பெட்ரோலும் முன்னால் நிற்கின்றன. ஆனால் டீசலில் ஒரு சங்கதி: பி.எஸ். 6 என்ற புகை விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு, அந்தக் கரி எரிந்து தீர வண்டி அவ்வப்போது தொடர்ந்து சீரான வேகத்தில் ஓட வேண்டும். வருடத்தில் பதினொரு மாதம் பள்ளிக்கும் கடைத்தெருவுக்கும் மட்டும் போகிற வண்டியில் அது அடைத்துக்கொண்டு தொந்தரவு தரும். அப்படிப்பட்டவர்கள் பெட்ரோலே வாங்கலாம். சி.என்.ஜி. வண்டியில் சிலிண்டர் சாமான் இடத்தை விழுங்கிவிடுகிறது, இழுவையும் குறைகிறது, நெடும்பயணத்துக்கு வேண்டாம்.

கியர் விஷயத்தில், விலை குறைந்த ஆட்டோமேட்டிக்கான ஏ.எம்.டி. கொண்டை ஊசி வளைவின் நடுவில் கியர் மாற்றி ஒரு கணம் இழுவையை விட்டுவிடும் இயல்புடையது. வாங்கினால், கையால் கியரைப் பிடித்துவைக்கும் வசதி உள்ளதாகப் பாருங்கள். அகலம் போதாத மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனாலும் சரிவில் நின்று கிளம்ப வேண்டிய சந்தர்ப்பம் வராமல் போகாது. பின்னுக்கு உருளாமல் பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்டு வசதியை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

ஏறுவதை எல்லோரும் சோதிக்கிறார்கள். இறங்குவதை யாரும் சோதிப்பதில்லை. அதிகாலையில் கம்பம், போடி பக்கத்து ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளைக் கவனித்துப் பாருங்கள். ஓட்டுநர் வளைவுக்கு நாலு கஜம் முன்பே இரண்டாம் கியருக்கு மாற்றிவிடுகிறார். மாலையில் இறங்கும்போதும் அதே இரண்டாம் கியர்தான், பிரேக் விளக்கு அவ்வப்போது மின்னி அணைகிறதே தவிரத் தொடர்ந்து எரிவதில்லை. எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்குகிறது. நீங்கள் வாங்கும் வண்டி இப்படிச் செய்ய இடம் கொடுக்கிறதா என்பதைச் சோதனை ஓட்டத்தில் பார்க்க வேண்டும். தொடர்ந்து பிரேக்கை மிதித்தே இறங்க வேண்டியிருந்தால், சுமையோடு வரும்போது கருகல் வாடை வரும், மிதி மிருதுவாகி உள்ளே போகும்.

நான்காம் படி: தரை இடைவெளியும் நான்கு சக்கர இயக்கமும்

மஹிந்திரா தாரின் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர், மாருதி ஜிம்னிக்கு 210, டிரைபருக்கு 182. நம் எல்லைப்பகுதியின் தார்ச்சாலைகளுக்கும், தங்குமிடங்களுக்குப் பிரிந்துசெல்லும் கல்பாவிய பாதைகளுக்கும் 180 மில்லிமீட்டர் போதும். அந்த எண் பெரும்பாலும் ஆளில்லாத வண்டியில் அளந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். குடும்பத்தை ஏற்றியபின் பின்பக்கம் எத்தனை விரல் தாழ்கிறது என்று சக்கரத்துக்கும் அதன் மேல்வளைவுக்கும் இடையே கைவைத்து அளந்துபாருங்கள்.

தாரின் மூன்று கதவு மாடலும் ஜிம்னியும் நான்கு பேருக்கான வண்டிகள். ஐவர் கொண்ட குடும்பத்துக்கு அவை முதலிலேயே கழிகின்றன. ஜிம்னியில் நால்வர் உட்கார்ந்தபின் சாமானுக்கு 208 லிட்டரே மிஞ்சுகிறது. நான்கு சக்கர இயக்கம் இல்லாமல் போக முடியாத இடங்களில் பெயர்பெற்றது கொழுக்குமலை. அங்கே சூரியநெல்லியிலிருந்து உள்ளூர் ஜீப்பை வாடகைக்கு எடுத்துத்தான் எல்லோரும் போகிறார்கள். அந்தப் பாறைத் தடத்தில் தினமும் ஓட்டுகிறவரிடம் ஒரு நாள் வாடகையைக் கொடுத்துவிட்டு, சொந்த வண்டியைக் கீழே நிறுத்திவைப்பது எனக்குப் புத்திசாலித்தனமாகவே படுகிறது. வட்டவடை, வாகமண், மேகமலை வரை சாதாரண வண்டிகளே போய்வருகின்றன.

முன்சக்கர இயக்கமா, பின்சக்கர இயக்கமா என்பதுதான் இதைவிடக் கவனிக்க வேண்டியது. சுமையோடு ஏறும்போது எடை பின்னோக்கிச் சாய்வதால் முன்சக்கரங்கள் இலேசாகி, தென்மேற்குப் பருவமழையில் நனைந்த செங்குத்து வளைவில் வழுக்கிச் சுழலும். பின்சக்கர இயக்க வண்டியில் அதே சுமை பிடிமானத்தைக் கூட்டுகிறது. இன்னோவா கிரிஸ்டா பின்சக்கர இயக்கம், இன்னோவா ஹைகிராஸ் முன்சக்கர இயக்கம்; ஒரே பெயர் என்பதால் ஒரே குணம் என்று எண்ணிவிடக்கூடாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை பயணத்தைத் தவிர்க்கிறவர்களுக்கு ஹைகிராஸ் வகையே சொகுசானது.

ஐந்தாம் படி: படுக்கை

வண்டிக்குள் படுக்க நினைத்தால் ஷோரூமிலேயே இருக்கைகளை மடக்கச் சொல்லிப் படுத்துப்பாருங்கள், கூச்சப்பட வேண்டாம். முழுக் குடும்பமும் உள்ளே படுக்க முடியாது, இரு பிள்ளைகளும் தாயும் படுத்தால் அதிகம். கூரைக் கூடாரத்தை நான் பரிந்துரைப்பதில்லை: அதுவே பெரும்பாலும் ஐம்பது கிலோவுக்குக் குறையாது, இரவில் ஏணியில் இறங்கும் குழந்தையை எண்ணினாலும் பயம்தான். மேலும் இங்கே கண்ட இடத்தில் கூடாரம் போட முடியாது. காட்டு எல்லையில் தங்க வனத்துறை விடாது. சின்னக்கானல் பக்கம் யானைகள் நடமாடும் நிலம். அங்கிருந்து 2023 ஏப்ரலில் பிடித்து அப்புறப்படுத்தப்பட்ட அரிசிக்கொம்பன் என்ற காட்டுயானை மே மாதத்தில் கம்பம் ஊருக்குள்ளேயே வந்து நின்றது நினைவிருக்கும். அனுமதி பெற்ற முகாமிலோ வீட்டுத் தங்கலிலோ தரைக்கூடாரம் போட்டுக்கொள்வதாக வைத்துக்கொண்டால், படுக்கைக்காக வண்டியைப் பெரிதாக்க வேண்டிய அவசியம் குறைந்துவிடும்.

ஆறாம் படி: முழுச் சுமையோடு ஒரு சோதனை ஓட்டம்

ஷோரூம்காரர்கள் தரும் பத்து நிமிட ஓட்டம் பைபாஸ் சாலையில் முடிந்துவிடும். மலைக்கு அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். வீட்டார் அனைவரையும், நிரப்பிய தண்ணீர் கேனையும் சேர்த்து ஏற்றி, கதவுத் தூணில் ஒட்டியுள்ள அட்டையில் முழுச்சுமைக்கு எழுதியிருக்கும் அளவுக்குக் காற்று அடித்துக்கொண்டு, மெட்டு ஏறி இறங்குங்கள். இறங்கி நின்றதும் உதிரிச் சக்கரத்தை வெளியே எடுத்துப் பாருங்கள். 2020இல் வந்த விதித் தளர்வுக்குப் பின், டயர் அழுத்தக் கண்காணிப்பும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் சில வண்டிகளை உதிரிச் சக்கரமே இல்லாமல் விற்கலாம். பக்கவாட்டில் கல் கிழித்த டயரை அந்தப் பெட்டியால் ஒட்ட முடியாது. அளவில் சிறிய உதிரிச் சக்கரம் இருந்தால், அதற்கான வேக வரம்பு அதிலேயே அச்சிட்டிருக்கும், படித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: பழைய வண்டி என்றால்

கேரளத்துப் பழைய வண்டிகள் நம் பக்கம் நிறைய வருகின்றன. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று அறிய, சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுங்கள். கடைசி ஒரு சாண் நீளத்தில் மண்கறைக் கோடு இருந்தால் திரும்பிவிடலாம். உதிரிச் சக்கரக் குழியின் கம்பளத்தை விலக்கித் துருவைப் பாருங்கள். கே.எல். பதிவு வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், அதற்குத் தடையில்லாச் சான்றும் சாலை வரியும் வேண்டும். விலை பேசும்போதே அந்தச் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

வாங்கியபின் பெரிய டயர், முன்பக்க இரும்புத் தடுப்பு, கண்ணைக் கூசவைக்கும் விளக்கு என்று மாட்டுவதற்கு முன், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை ஒருமுறை படியுங்கள். தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதை அது தடுக்கிறது, கேரள மோட்டார் வாகனத் துறை அதில் கண்டிப்பானது. அந்தப் பணத்துக்கு நல்ல மழைக்காலப் பிடிமானமுள்ள, அதே அளவு டயர் நான்கும், காற்றடிக்கும் பம்பும், தரமான குழந்தை இருக்கையும் வாங்கலாம்.