படித்துறையில் தொடங்கி அலையாத்தியைக் காப்போம்

கடலோரச் சதுப்பு நிலத்தைக் காப்பது கடலோரத்தில் குடியிருப்பவர்கள் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி நெல்லையைக் கடந்து, ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. அந்த முகத்துவாரச் சேற்றில்தான் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. நெல்லையின் குறுக்குத்துறைப் படித்துறையில் நாம் ஆற்றில் விடுவது அவற்றின் காலடிக்குத்தான் போகிறது.

முதல் படி: நேரில் போய்ப் பாருங்கள்

கடல்நீர் வற்றும் நேரத்தை ஊர் மீனவர்களிடம் கேட்டுக்கொண்டு புன்னைக்காயலுக்குப் போங்கள். சேற்றிலிருந்து பென்சில் நட்டுவைத்ததுபோல் நிமிர்ந்து நிற்பவை மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று போகாது. இந்த வேர்களின் நுண்துளைகள் வழியாகவே மரம் மூச்சு விடுகிறது. மிதந்து வரும் துணியோ பாலித்தீன் பையோ அவற்றை மூடிக்கொண்டால் மரத்துக்கு மூச்சு முட்டும். ஓர் இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரிக்கும். வேர் உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியே வெளியேற்றுகிறது. இறாலும் நண்டும் குஞ்சாக இருக்கும்போது ஒதுங்கி வளர்வது இந்த மரத்தடியில்தான்.

பார்த்ததும் கன்று நடும் ஆசை வரும். வனத்துறையைக் கேட்காமல் நட வேண்டாம். வெறும் சேற்றுத் திட்டாகத் தெரியும் இடம் உள்ளான் பறவைகள் இரை தேடும் இடமாக இருக்கலாம்.

இரண்டாம் படி: படித்துறைப் பழக்கம்

என் மனத்தில் இதுவே முதன்மையானது. ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கிறோம். பாக்கெட்டைக் குப்பையில் போடுகிறவர்கள்கூட, கிழித்த அந்த நக அளவு முனையை ஆற்றில் துப்பிவிடுகிறார்கள். குளிக்கப் போகும்போது ஒரு துணிப்பை கொண்டுபோய், அந்த முனையையும் அதில் போடுங்கள். ஷாம்பு வீட்டிலேயே இருக்கட்டும். ஆற்றுக்குச் சீயக்காய் போதும்.

தாமிரபரணிக் கரையிலுள்ள பாபநாசத்தில் நீத்தார் கடன் முடித்து, உடுத்திய துணியை ஆற்றில் விடும் வழக்கம் இருக்கிறது. தர்ப்பணம் நடக்கட்டும், துணி மட்டும் கரையோடு நிற்கட்டும். வீட்டுப் பெரியவர்களிடம் இதை முந்தின நாளே பேசிவிடுங்கள். ஈரத் துணியோடு நிற்கும்போது சொன்னால் மனம் நோகும்.

மூன்றாம் படி: சமையலறை

பொரித்து மீந்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஆறிய பிறகு பழைய செய்தித்தாளில் ஒற்றிக் குப்பையில் சேருங்கள்.

நான்காம் படி: பறவை எண்ணுங்கள்

உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த, நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் வரித்தலை வாத்தைப் பார்த்துப் பழகுங்கள். பிறகு மாதம் ஒருமுறை உங்கள் ஊர்க் குளத்தில், ஒரே இடத்தில் நின்று, அரை மணி நேரம் எண்ணுங்கள். தேதி, நேரம், பறவையின் பெயர், எண்ணிக்கை எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: மனு

கழிமுகத்திலோ குளத்திலோ குப்பையோ மண்ணோ கொட்டினால் தேதியோடு படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த இடத்தின் புல எண்ணை (சர்வே எண்) கேட்டு வாங்கி, திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை போகும்போது அந்தச் சீட்டின் எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.